எக்கினேசியா விதை: படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

எக்கினேசியா என்பது தோட்டத்தில் அழகுக்காக வளர்க்கும் ஒரு பூச்செடி. நீல நிற எக்கினேசியா விதை என்று யார் விற்றாலும் நகர்ந்துவிடுங்கள். அப்படி ஒரு பூவே கிடையாது. அந்த நீலம் கணினியில் பூசியது. இந்தச் செடியின் காட்டு இனங்களில் பெரும்பாலானவை இளஞ்சிவப்பு அல்லது ஊதா. அமெரிக்காவின் மிசௌரி, ஆர்கன்சா மாநிலங்கள் பக்கம் வளரும் பாரடாக்ஸா என்ற இனம் மட்டும் மஞ்சள். கடைகளில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சும் சிவப்பும் அந்த மஞ்சளை ஊதாப் பூவோடு இனக்கலப்பு செய்து பெற்றவையே.

அந்தக் கலப்பினங்களில் பலவற்றைத் திசு வளர்ப்பில்தான், அதாவது செடியின் சிறு துண்டை ஆய்வகத்தில் வளர்த்துத்தான் பெருக்குகிறார்கள். அவை விதை கட்டுவது குறைவு. கட்டினாலும் பிள்ளை தாயைப் போல இருக்காது. 'ராஸ்மடாஸ்' போன்ற அடுக்குப் பூவின் பெயரில் விதைப் பொட்டலம் வந்தால், அதில் நம்பக்கூடியது பொட்டலம் மட்டுமே. அந்தப் பூதான் வேண்டுமென்றால் தொட்டிச் செடியாக வாங்குங்கள். விலை கடிக்கும், வேறு வழியில்லை.

விதைக்கென்றே உருவாக்கிய ரகங்கள் தனி. இங்கே இலினாயில் நான் சிபாரிசு செய்வது, 2013இல் புதிய ரகங்களுக்குத் தரும் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்ற 'செயென் ஸ்பிரிட்'. குளிர்காலக் கடைசியில் வீட்டுக்குள் விதைத்தால் அந்தக் கோடையிலேயே பூக்கும். ஆனால் எந்த நாற்று மஞ்சள், எது சிவப்பு என்பது பூத்த பிறகுதான் தெரியும். எனக்கு அந்தச் சூதாட்டம் பிடிக்கும். பாத்தி முழுக்க ஒரே நிறம் கேட்பவர்கள் 2010இல் அதே விருது வாங்கிய 'பவ்வாவ் வைல்டு பெர்ரி' பக்கம் போகலாம், அடர் இளஞ்சிவப்பு.

பொட்டலத்தில் தாவரவியல் பெயர், எந்த ஆண்டுக்குக் கட்டியது, முளைப்புத்திறன், விதை எண்ணிக்கை ஆகியவற்றைப் பாருங்கள். கலப்பின விதைகளை எண்ணித்தான் போடுவார்கள், ஆகவே பொட்டல விலையை விட்டு ஒரு விதையின் விலையைக் கணக்கிடுங்கள். நண்பர்கள் தோட்டத்திலிருந்து தரும் விதையில் பதர் அதிகம். நல்ல விதை வைக்கோல் நிறத்தில், நான்கு விளிம்புகளோடு கெட்டியாக இருக்கும். நகத்தால் அழுத்துங்கள், பதர் அப்பளமாக நசுங்கும்.

கேட்காமலே வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் விதையை விதைக்காதீர்கள். 2020இல் அமெரிக்கா முழுக்க அப்படிப் பொட்டலங்கள் வந்தபோது வேளாண் துறையே எச்சரித்தது.

பாரடாக்ஸாவைத் தனியாக வளர்க்க ஆசையென்றால் இலையுதிர் காலத்திலேயே வாங்குங்கள். ஈரக் குளிர் படாமல் அது சரியாக முளைக்காது. நவம்பரில் தோட்டத்தில் தூவிவிட்டால் அந்த வேலையைப் பனியே செய்துவிடும். ஏப்ரலில் வாங்கியவர்கள் ஈர மணலில் கலந்து இரண்டு மாதம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டியதுதான்.