ஓவியக் கல்லூரி விண்ணப்பத்துக்குப் படைப்புகளைத் தொகுக்கும்போது
பல கல்லூரிகள் 10 முதல் 20 படைப்புகள் வரை கேட்கின்றன. புகைப்படத்தைப் பார்த்து நகலெடுத்தவற்றைவிட, எதிரே இருக்கும் பொருளையோ மனிதரையோ நேரில் பார்த்து வரைந்தவற்றுக்கே தேர்வாளர்கள் அதிக மதிப்பளிப்பதால், தொகுப்பில் அவை கணிசமாக இடம்பெற வேண்டும். அடித்தல் திருத்தல்களுடன் கூடிய பயிற்சி ஏட்டின் ஓரிரு பக்கங்களையும், விதிமுறை அனுமதித்தால், தயங்காமல் சேர்க்கலாம்.

நல்ல ஓவியங்கள்கூட மோசமான படப்பிடிப்பால் மங்கிப்போவதுண்டு. கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, ஓவியத்தைச் சுவரில் நேராகப் பொருத்தி, நேரடி வெயில் படாத பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கேமரா ஓவியத்தின் மையத்துக்கு நேர் எதிரே இருக்குமாறு வைத்துப் படமெடுத்தால், விளிம்புகள் சாயாமலும் நிறங்கள் பெரிதும் மாறாமலும் பதிவாகும். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஊடகம் (பென்சில், நீர்வண்ணம் போன்ற வரைபொருள்), அளவு, ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிடுவது அவசியம்.