சி-யில் இரண்டு ப்ராசஸ், ஒரே அரே: ஷேர்டு மெமரி பழகுவோம்

தண்டையார்பேட்டையில் சாயங்காலம் சி படிக்க வரும் பிள்ளைகள் ஃபோர்க் (ஓடும் ப்ரோக்ராமை, அதாவது ப்ராசஸை, இரண்டாக்கும் அழைப்பு; பழையது பேரன்ட், புதியது சைல்டு) பாடம் முடிந்ததும் தவறாமல் கேட்பது இது: "சைல்டு ப்ராசஸில் அரேயை நிரப்பினேன் அண்ணா, பேரன்ட்டில் பிரின்ட் பண்ணினால் எல்லாம் பூஜ்யமாக வருதே?"

வரத்தான் செய்யும். சைல்டுக்குக் கிடைப்பது பேரன்ட்டின் ஜெராக்ஸ். அதில் எழுதுவது ஒரிஜினலில் விழாது. குளோபல் அரேயானாலும் மல்லாக்கில் வாங்கிய இடமானாலும் இதே கதைதான்.

இருவருக்கும் தெரியும் பொது இடம் ஒன்று வேண்டும், அதுதான் ஷேர்டு மெமரி. சரி, காசிமேட்டில் ஏலத்துக்கு வந்த 10 கூடை மீனின் எடையை சைல்டு எழுதட்டும், பேரன்ட் கூட்டட்டும். லினக்ஸில் செய்வோம்.

1. ஃபோர்க்குக்கு முன்பே எம்மேப்பை அழைத்து அந்தப் பொது இடத்தை வாங்குங்கள். ஆர்க்யுமென்ட் ஆறு: நல், 10 * சைஸ்ஆஃப்(இன்ட்), ப்ராட்_ரீட் | ப்ராட்_ரைட், மேப்_ஷேர்டு | மேப்_அனானிமஸ், -1, 0. உயிர்நாடி மேப்_ஷேர்டு. அங்கே மேப்_பிரைவேட் போட்டால் மறுபடி பூஜ்யம்தான். பின்னால் ஃபைல் எதுவும் இல்லாததால் -1.

இடம் கிடைக்காவிட்டால் எம்மேப் தருவது நல் அல்ல, மேப்_ஃபெயில்டு. இஃப் போடும்போது கவனம்.

இன்ட் 4 பைட் என்றால் நாம் கேட்டது 40 பைட். லினக்ஸின் மையமான கெர்னலோ முழு பேஜாகத்தான் (நிலையான அளவுள்ள மெமரித் துண்டு) தரும், சாதாரண பிசியில் 4096 பைட். அதனால் 11-வது கூடையை எழுதினாலும் ப்ரோக்ராம் சத்தமில்லாமல் ஓடும். ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள், அது பிழைதான்.

2. ஃபோர்க் செய்யுங்கள். பூஜ்யம் திரும்பும் பக்கம்தான் சைல்டு. அங்கே ஃபார் லூப்பில் எடை[0] முதல் எடை[9] வரை நிரப்பி எக்ஸிட்.

3. பேரன்ட் முதலில் சைல்டு முடியும்வரை வெயிட், அப்புறம்தான் கூட்டல். வெயிட் இல்லாவிட்டால் பாதிக் கூடைகளின் கணக்கு வரலாம். ஒருமுறை சரியாக வந்து மறுமுறை தப்பினால் இங்கே பாருங்கள்.

4. வேலை முடிந்ததும் எம்அன்மேப், வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்க.

இரண்டு சைல்டு எழுதினால்? 0–4 ஒருவருக்கு, 5–9 இன்னொருவருக்கு என்று பிரித்துவிடுங்கள். லாக் (ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுக்கும் பூட்டு) தேவையில்லை, ஆரம்பத்துக்கு இதுவே போதும். இருவரும் ஒரே மொத்தத்தில் கூட்டினால்தான் வம்பு. மொத்தம்++ என்பது பார்க்க ஒரு வரி. உள்ளே படிப்பது, கூட்டுவது, எழுதுவது என மூன்று வேலை. நடுவில் மற்றவர் புகுந்தால் ஒரு கூட்டல் காணாமல் போகும். அப்போது லாக் போல மற்றவரைக் காக்கவைக்கும் செமஃபோர் வேண்டும். அதையும் ஷேர்டு மெமரிக்குள்ளேயே வைத்து, அதைத் தொடங்கும் செம்_இனிட்டின் இரண்டாவது ஆர்க்யுமென்ட்டாக 1 கொடுக்க வேண்டும்.

தனித்தனியாக ஓடும் இரண்டு ப்ரோக்ராம்கள் என்றால் பெயர் வைத்து ஷேர்டு மெமரித் துண்டைத் திறக்க ஷ்ம்_ஓப்பன், அளவு சொல்ல எஃப்ட்ரங்கேட், பிறகு எம்மேப். எஃப்ட்ரங்கேட்டை மறந்தால் எழுதும்போது 'பஸ் எரர்' வரும். கடைசியில் ஷ்ம்_அன்லிங்க் செய்து அந்தப் பெயரை நீக்காவிட்டால், ப்ரோக்ராம் முடிந்த பிறகும் அந்தத் துண்டு /டெவ்/ஷ்ம் ஃபோல்டரில் கிடக்கும்.