மொழி ஆணையரைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைதீர்ப்பாளர், மொழி ஆணையர் மாதிரியான பொதுப் பதவிகளுக்கு ஆள் தேடித் தரும் தேர்வுக் குழுக்களோடு கனடாவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்த சிலர் அண்மையில் ஒரு மொழி ஆணையர் பதவிக்கு மாதிரி விளம்பரமும் தேர்வுத் திட்டமும் எழுதிக் காட்டினார்கள். நாங்கள் ஆரம்பத்தில் எங்கெங்கே சறுக்கினோமோ, சரியாக அங்கேயே அவர்களும் சறுக்கியிருந்தார்கள். எழுத்துப் பிழை, கடைசித் தேதி விட்டுப்போவது போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வார்கள். அதனால் மற்றவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பதவி என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். கனடாவில் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் சம இடம் தரும் ஆட்சிமொழிச் சட்டம் 1969-ல் வந்தது. 1970-ல் கீத் ஸ்பைசர் முதல் ஆணையரானார். அயர்லாந்தில் 2003-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், வேல்ஸில் 2011-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் இதே போன்ற பதவிகள் உருவாயின. வரி அலுவலகத்திலோ விமான நிலையக் கவுன்டரிலோ தன் மொழியில் பதில் கிடைக்காதவர் புகார் கொடுப்பார். ஆணையர் அதை விசாரித்து, அரசுத் துறை மேல் தவறு இருந்தால் நாடாளுமன்றத்துக்கே சொல்வார். அதாவது தன்னை நியமித்த அரசையே விசாரிக்க வேண்டிய பதவி இது. மற்ற வேலைகளுக்கு ஆள் எடுத்துப் பழகியவர்கள் தடுமாறுவதற்கு இதுதான் காரணம்.

மொழிப்பற்றை முதல் தகுதியாக வைப்பது

விண்ணப்பிக்கிற அத்தனை பேருக்கும் மொழிப்பற்று இருக்கும். அதை வைத்து யாரையும் பிரித்தெடுக்க முடியாது. நமக்குத் தெரிய வேண்டியது வேறு. ஒரு துறையின் தலைமை அதிகாரி நேரில் வந்து, "ஆள் பற்றாக்குறை, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று கெஞ்சும்போது இவர் என்ன செய்வார்?

நான் சேர்ந்து வேலை செய்த ஒரு குழுவில் இதற்கு ஒரு பயிற்சி வைத்திருந்தோம். பெயர்களை மறைத்த ஒரு புகார்க் கோப்பு, அந்தத் துறை அனுப்பிய விளக்கம், சட்டத்தின் சில பிரிவுகள் ஆகியவற்றைக் கையில் கொடுத்து, துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வோம். ஒரு மணி நேரம் கொடுப்போம். ஒருவர் மொழியின் பெருமையை இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் "தங்கள் கனிவான கவனத்துக்கு" என்று முடித்தார். இன்னொருவர் எழுதியது பத்துப் பன்னிரண்டு வரிதான். எந்தப் பிரிவு மீறப்பட்டது, எந்தக் கவுன்டரில் எந்த நேரத்தில் ஆள் இல்லை, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும், சரிசெய்யாவிட்டால் அடுத்து யாரிடம் போவேன் என்று எல்லாம் அதில் இருந்தது. துறையின் விளக்கத்தில் இரண்டாம் பக்கத்துக்கும் நான்காம் பக்கத்துக்கும் இருந்த முரண்பாட்டையும் அவர் பிடித்துவிட்டார். நேர்காணலில் அவர் அவ்வளவாகப் பேசவில்லை. ஆனாலும் அந்தக் கடிதத்துக்குப் பிறகு குழுவில் பெரிய விவாதம் ஒன்றும் நடக்கவில்லை.

மொழியை அப்புறம் படித்துக்கொள்வார் என்று விடுவது

விடாதீர்கள். 2011-ல் கனடாவின் தலைமைத் தணிக்கையாளராக மைக்கேல் ஃபெர்குசன் நியமிக்கப்பட்டார். இரு மொழியும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் விளம்பரம் சொன்னது. அவருக்குப் பிரெஞ்சு வராது, படித்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார். நல்ல கணக்காளர்தான், ஆனால் வந்த முதல் நாளே சண்டை. நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் முக்கியப் பதவிகளில் இருப்பவர்கள், நியமனத்தின்போதே இரு மொழியும் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று 2013-ல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. தணிக்கையாளருக்கே இப்படி என்றால் மொழி ஆணையருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேர்காணலை ஒரு மொழியில் தொடங்கி, சிக்கலான கேள்வி ஒன்றின் நடுவில் மற்ற மொழிக்கு மாறிப் பாருங்கள். சான்றிதழைவிட அது அதிகம் சொல்லும்.

நல்ல ஆள் கிடைத்துவிட்டார், நடைமுறை எதற்கு என்று நினைப்பது

இதுதான் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிற தவறு. திறமை இல்லாதவரைத் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொண்டால் ஒரு நியாயம் இருக்கிறது. இது திறமைசாலியை வைத்துக்கொண்டே பதவியைக் கெடுக்கிற தவறு.

2016 டிசம்பரில் கனடாவின் மொழி ஆணையர் கிரஹாம் ஃபிரேசர் பத்து வருடப் பணிக்குப் பிறகு விலகினார். அவருடைய இடத்துக்கு 2017 மே மாதம் அப்போதைய பிரதமர் ட்ரூடோவின் அரசு மாடலேன் மெய்யரின் பெயரை அறிவித்தது. அவருடைய தகுதியில் குறை சொல்ல இடமே இல்லை. செவிலியராக இருந்து வழக்கறிஞரானவர். ஒன்டாரியோ மாகாணத்தில் பிரெஞ்சு மொழியினர் விவகாரங்களுக்கு நீண்ட காலம் அமைச்சராக இருந்தார். 2007-ல் அந்த மாகாணத்தில் பிரெஞ்சு சேவைகளுக்கென்று தனி ஆணையர் பதவி உருவானபோதும் அவர்தான் அமைச்சர். அந்த ஆணையர் அமைச்சருக்குக் கீழே இருக்காமல் நேராகச் சட்டமன்றத்துக்கே பதில் சொல்லும்படி 2014-ல் மாற்றம் வந்ததும் அவருடைய காலத்தில்தான். ஆணையர் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பதைச் சட்டத்தில் எழுத வைத்த ஒருவர் அவர்.

ஆனால் அவர் லிபரல் கட்சி அமைச்சர். ட்ரூடோவும் லிபரல்தான். 2016-ல்தான் அரசியலை விட்டு வெளியே வந்திருந்தார். லிபரல் கட்சிக்கு நன்கொடையும் கொடுத்திருந்தார். அவர் அமைச்சராக இருந்த ஒன்டாரியோ அரசில் வேலை பார்த்த சிலர் அப்போது பிரதமர் அலுவலகத்தின் உச்சியில் இருந்தார்கள். அரசு நடத்திய மொத்தத் தேர்வையும் அதற்குப் பிறகு யாரும் நம்பத் தயாராக இல்லை. ஆட்சிமொழிச் சட்டத்தின் 49-வது பிரிவு தெளிவாகவே இருக்கிறது: நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் தலைவர்களைக் கலந்து பேச வேண்டும், அப்புறம் இரு அவைகளும் தீர்மானம் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவான பெயரைத்தான் எங்களுக்குத் தெரிவித்தார்கள், கலந்து பேசவில்லை என்று எதிர்க்கட்சிகள் கொதித்தன. பிரெஞ்சு மொழியினரின் அமைப்புகளுக்குள்ளேயே பிளவு வந்தது. ஜூன் தொடக்கத்தில் மெய்யர் விலகிக்கொண்டார்.

இதில் எத்தனை நஷ்டம் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நல்ல மனுஷியின் பெயர் கெட்டது. தேர்வை முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. 2018 ஜனவரியில் ரேமோன் தெபெர்ஜ் வரும்வரை, ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த நாற்காலியில் இடைக்கால ஆணையர்தான் இருந்தார். பிரெஞ்சு பேசும் ஒருவர் அந்த ஒரு வருடத்தில் கொடுத்த புகாருக்கு, முழுப் பணிக்காலம் உள்ள ஆணையர் கிடைக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் புதியவர்களின் திட்டத்தில் "கட்சிகளுக்குத் தகவல் அனுப்புதல்" என்று கடைசி வாரத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. பார்த்ததும் எரிச்சலாக வந்தது. வேறொரு சின்ன நியமனத்தில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். பெயரை முடிவு செய்து, அவரிடம் வாழ்த்தும் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் மூடும் நேரத்தில் எதிர்த்தரப்புத் தலைவர்களுக்குக் கடிதம் போனது. திங்கள்கிழமை காலைக்குள் கருத்துக் கேட்டிருந்தார்கள். யாரும் எழுதவில்லை. ஆட்சேபம் இல்லை என்று அதைக் கோப்பில் குறித்துக்கொண்டார்கள். அந்த ஆணையர் முதல் அறிக்கை வெளியிட்ட அன்றைக்கு, அறிக்கையில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இவர் யாருடைய ஆள் என்றுதான் கேட்டார்கள்.

என்ன செய்யலாம்? கட்சித் தலைவர்களிடம் ஒரே பெயரோடு போகாதீர்கள். இறுதிப் பட்டியலில் இரண்டு மூன்று பேர் இருக்கும்போதே போங்கள், பதில் சொல்ல வாரக்கணக்கில் நேரம் கொடுங்கள். சிறுபான்மை மொழியினரின் அமைப்புகளையும் அப்போதே சந்தியுங்கள். கனடாவில் அது பிரெஞ்சு பெரும்பான்மை மாகாணமான கியூபெக்குக்கு வெளியே உள்ள பிரெஞ்சுக்காரர்கள் மட்டுமில்லை, கியூபெக்கில் உள்ள ஆங்கிலம் பேசுவோரும்தான். இறுதிப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரிடமும் கட்சி உறுப்பினராக இருந்தாரா, நன்கொடை கொடுத்தாரா, அமைச்சர் அலுவலகங்களில் யாரோடு பழக்கம் என்று எழுத்தில் கேளுங்கள். 200 டாலருக்கு மேல் கட்சி நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களைக் கனடாவின் தேர்தல் அலுவலகமே வெளியிடுகிறது. நிருபர்கள் அதைப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது. அவர்களுக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடுங்கள்.

அரசியலில் இருந்தவர் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அண்மைக்காலம் வரை ஆளும் கட்சியில் இருந்தவர் வருகிறார் என்றால் எதிர்க்கட்சிகளின் ஒப்புதல் வெளிப்படையாக, முன்கூட்டியே வேண்டும். அது கிடைக்காவிட்டால், எவ்வளவு வருத்தமாக இருந்தாலும், அடுத்தவரிடம் போங்கள்.

இடைக்கால நியமனத்தை நீட்டிக்கொண்டே போவது

கனடாச் சட்டம் ஒரு முறைக்கு ஆறு மாதம்தான் தருகிறது. தேர்வை முந்தைய ஆணையர் விலகுவதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள்.

பதவிக்கு என்ன அதிகாரம் என்று சொல்லாமல் ஆளைக் கூப்பிடுவது

எல்லா மொழி ஆணையருக்கும் ஒரே பலம் கிடையாது. இந்திய அரசியலமைப்பின் 350பி பிரிவு, 1956-ல் ஏழாவது திருத்தத்தால் வந்தது. கர்நாடகத்தில் இருக்கும் தமிழருக்கும் தமிழ்நாட்டில் இருக்கும் தெலுங்கருக்கும் உருது பேசுவோருக்கும் பொதுவாக, மொழிச் சிறுபான்மையினருக்கான சிறப்பு அதிகாரியை அது உருவாக்கியது. அவர் ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தருவார், அது நாடாளுமன்றத்தில் வைக்கப்படும். மாநில அரசு கேட்காவிட்டால் கட்டாயப்படுத்த அந்தப் பிரிவு அவருக்கு வழி தரவில்லை. இலங்கையில் 1991-ம் ஆண்டின் 18-ம் இலக்கச் சட்டப்படி வந்தது தனி ஒருவரின் பதவி இல்லை, ஓர் ஆணைக்குழு. தமிழர் ஒருவருக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் புகார் கொடுக்க வேண்டியது அங்கேதான். கனடாவில் ஆணையர் பல காலம் பரிந்துரை மட்டும் செய்துகொண்டிருந்தார். 2023 திருத்தத்தில்தான் உத்தரவு போடும் அதிகாரம் சட்டத்தில் ஏறியது. உத்தரவு எழுதத் தெரிந்தவரும் அறிக்கை எழுதத் தெரிந்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் சட்டத்தைப் படித்துவிட்டு விளம்பரத்தை எழுதுங்கள்.

வந்தவரிடம் இதை மறைக்கவும் கூடாது. அயர்லாந்தின் முதல் மொழி ஆணையர் ஷான் ஓ குர்ரான் 2004 முதல் அந்தப் பதவியில் இருந்தவர். ஐரிஷ் மொழியில் சேவை தருவதில் அரசு உண்மையாக நடந்துகொள்ளவில்லை என்று சொல்லி, பணிக்காலம் முடியும் முன்பே விலகுவதாக 2013 டிசம்பரில் அறிவித்து, 2014-ல் வெளியேறினார். ஒன்டாரியோவில் 2018 நவம்பரில் மாகாண அரசு, செலவைக் குறைக்கிறோம் என்று பிரெஞ்சு சேவை ஆணையரின் தனி அலுவலகத்தையே மூடி, குறைதீர்ப்பாளர் அலுவலகத்தோடு இணைப்பதாக அறிவித்தது. டிசம்பர் 1-ம் தேதி மாகாணம் முழுக்கப் பிரெஞ்சு மொழியினர் பச்சை வெள்ளைக் கொடியோடு தெருவுக்கு வந்தார்கள். இணைப்பு நிற்கவில்லை, 2019 மே மாதம் நடந்தேவிட்டது. பதவிக்கு வருகிறவரிடம் இந்த இரண்டு கதைகளையும் சொல்லி, "உங்களுக்கு இப்படி நடந்தால் யாரிடம் போவீர்கள், எப்போது வாய் திறப்பீர்கள்?" என்று நான் எப்போதும் கேட்கச் சொல்வேன். யோசித்துப் பதில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடக்காது என்கிறவர்களுக்கு நான் மதிப்பெண் குறைத்துவிடுவேன்.

மறுநியமன ஆசையைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

வேல்ஸில் ஆணையரின் பணிக்காலம் ஏழு வருடம், ஒரே முறை. மறுபடி அதே பதவி கிடைக்காது என்பதால் அமைச்சரின் முகத்தைப் பார்த்து நடக்க வேண்டியதில்லை. உங்கள் சட்டம் மறுநியமனத்துக்கு இடம் தந்தால், நேர்காணலில் அதைப் பற்றி வாக்குறுதி மாதிரி எதையும் பேசாதீர்கள்.

சிபாரிசுக் கடிதங்கள்

அமைச்சர்களிடமிருந்து வந்தால் படிக்கவே வேண்டாம்.

தேர்வாகாதவர்களுக்குச் செய்தித்தாள் மூலம் தெரியவிடுவது

இந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், மொழி அமைப்புகளின் முன்னாள் தலைவர்கள். நியமனம் அறிவிக்கப்பட்டதும் தொலைக்காட்சிக்காரர்கள் கருத்துக் கேட்டுப் போவது இவர்களிடம்தான். அறிவிப்பு வரும் நாள் காலையில், மின்னஞ்சல் போடாமல், குழுத் தலைவரே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லட்டும். எந்த அளவுகோலில் குறைந்தார்கள் என்று கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்லட்டும்.