12 அடி பேனரில் உடைந்த ஆத்தங்குடிப் பூ

காரைக்குடியில் அக்கா மகள் கல்யாணத்துக்கு வாசல் பேனர் நான்தான் வரைந்தேன். ஆத்தங்குடித் தரைக் கல்லில் இருக்கிற பூ, 12 அடி அகலத்துக்கு. சாம்பிள் பிரிண்டில் இதழ் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி உடைந்திருந்தது. என் ஃபைல் அகலம் 3000 பிக்சல்தான். 12 அடி என்றால் 144 அங்குலம், அங்குலத்துக்கு 21 பிக்சல்கூட வரவில்லை. அதையே பெரிதாக்கிப் பார்த்தேன், மங்கல்தான் கூடியது. ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து பூவை வெக்டரில், அதாவது பிக்சல் புள்ளிகளாக இல்லாமல் கணக்குப்படி வரும் கோடுகளாக, திரும்ப வரைந்தேன். எத்தனை அடிக்கு இழுத்தாலும் கோடு கூராக நின்றது. பொண்ணு மாப்பிள்ளை போட்டோவுக்கு மட்டும் அங்குலத்துக்கு 72 பிக்சல். தள்ளி நின்றுதானே பார்க்கிறோம், அது போதும்.

ஃபைலைப் பிரிண்ட் மைகளின் நிறக் கணக்கான சிஎம்ஒய்கே-க்கு (சியான் என்ற நீலம், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு) மாற்றியதும் சிவப்பு மங்கியது. மெஜந்தா, மஞ்சள் இரண்டையும் 100 சதவீதம் வைத்து, சியானை எடுத்துவிட்டேன். எழுத்தை அவுட்லைனாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றித்தான் கொடுங்கள். கடை கம்ப்யூட்டரில் என் ஃபான்ட் இல்லாமல், ‘வரவேற்கிறோம்’ கொம்பு வேறு, கால் வேறாக நின்றது.