கழுகு, சிங்கம், கன்மலை: வேதபாடம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேதபாடம் (பைபிள் பாடம்) எடுக்க வரும் தம்பி தங்கைகளின் குறிப்புகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். தேவனைப் பறவையாகவோ மிருகமாகவோ மலையாகவோ சொல்லும் வசனம் வந்துவிட்டால், அந்த வயதில் நாங்கள் சறுக்கிய இடங்களிலேயே இவர்களும் சறுக்குகிறார்கள். தேவனுக்கு நிஜத்தில் இறக்கை இல்லை, அது உருவகம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வசனத்தில் இல்லாத கழுகு

இதை மட்டும் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 40 வயதில் கழுகின் அலகு வளைந்து, நகம் மழுங்கி, இறகு கனத்துப் போகுமாம். அது மலையுச்சியில் போய் உட்கார்ந்து, பாறையில் மோதி அலகை உடைத்து, நகத்தையும் இறகையும் பிடுங்கிப் போட்டு, 150 நாள் கழித்துப் புதிதாகி, இன்னும் 30 வருஷம் வாழுமாம். கையோடு, கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் கழுகுகளைப்போல எழும்புவார்கள் என்கிற ஏசாயா 40:31ஐ வாசித்துவிடுவார்கள்.

அப்படி ஒரு கழுகு எங்கும் கிடையாது. அலகு ஆயுள் முழுக்க வளரும். இரையைக் கிழித்தும் உரசியும் தேய்ந்து அளவோடு நிற்கும். இறகுகள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து முளைப்பதால், பறவை பறப்பதை நிறுத்த வேண்டியதே இல்லை. அலகை உடைத்துக்கொண்டால் பட்டினி கிடந்து சாகும். காட்டில் 30 வயதைத் தாண்டும் கழுகே அரிது.

பறவையைப் பற்றிய தகவல் மட்டும் பிழை என்றால் ஒரு கோடு அடித்துவிட்டுப் போய்விடுவேன். ஆனால் இந்தக் கதை வசனத்தையே தலைகீழாக்குகிறது. 29ஆம் வசனத்தில் சோர்ந்துபோகிறவனுக்குக் கர்த்தர் பெலன் கொடுக்கிறார். 30இல் வாலிபரே இடறி விழுகிறார்கள். 31இல் புதுப்பெலன் அடைகிறவர்கள் அவருக்குக் காத்திருக்கிறவர்கள். சங்கீதம் 103:5இலும் நன்மையால் வாயைத் திருப்தியாக்குகிறவர் அவர்தான். கதையிலோ எல்லாமே கழுகின் சொந்தப் பாடு.

சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிப்போயிருந்த ஓர் அக்காவுக்காக ஜெபிக்கப் போயிருந்தோம். கூட வந்த தம்பி நல்ல மனதோடு இந்தக் கதையை முழுசாகச் சொன்னான். கேட்டு முடித்துவிட்டு அக்கா, "இன்னும் நான் எதைத் தம்பி பிடுங்கிப் போடணும்?" என்றார். அவனுக்குப் பதில் வரவில்லை. அவரைப் போலச் சோர்ந்தவர்களுக்காகவே எழுதப்பட்ட வசனம், அவர் காதில் இன்னொரு சுமையாக விழுந்தது. அதனால்தான் இந்தக் கதையைக் குறிப்பில் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்றும் இதிலேயே குழம்புகிறது. ஏசாயா 40இலும் சங்கீதம் 103இலும் கழுகுக்கு ஒப்பிடப்படுவது மனிதர்கள். யாத்திராகமம் 19:4இலும் உபாகமம் 32:11இலும் கழுகு தேவன். உபாகம வசனத்தில் கழுகு செய்வதை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள்: கூட்டைக் கலைக்கிறது, குஞ்சுகளின்மேல் அசைவாடுகிறது, செட்டைகளை விரிக்கிறது, எடுத்துச் சுமக்கிறது. குஞ்சு எதையும் பிடுங்கவில்லை, உடைக்கவில்லை. செய்திக்கு இதுவே தாராளம். வெளியிலிருந்து பறவைக் கதை கொண்டுவர அவசியமே இல்லை.

சிங்கம் என்றதும் கிறிஸ்து என்று எழுதிவிடுவது

1 பேதுரு 5:8இல் கெர்ச்சிக்கிற சிங்கம் பிசாசு. வெளிப்படுத்தின விசேஷம் 5:5இல் யூதா கோத்திரத்துச் சிங்கம் கிறிஸ்து. அங்கேயும் அடுத்த வசனத்தில் யோவான் பார்ப்பது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியை. ஒரு மிருகத்துக்கு ஒரே அர்த்தம் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள்.

கன்மலைக்கு உணர்ச்சி இல்லை என்பது

உபாகமம் 32:18. "உன்னை ஜெநிப்பித்த கன்மலை." ஜெநிப்பித்த என்றால் பெற்ற. பெற்றவருக்கா உணர்ச்சி இல்லை?

காற்றையும் நெருப்பையும் தேவனாக்குவது

1 இராஜாக்கள் 19:11, 12. காற்றிலும் நெருப்பிலும் கர்த்தர் இருக்கவில்லை என்று அங்கேயே இருக்கிறது. வாசித்தால் போதும்.

பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்வது

செட்டை, நிழல், பனி இவற்றை எல்லோரும் எடுக்கிறார்கள். ஓசியாவின் 14 அதிகாரங்களுக்குள் தேவன் தம்மை பொட்டரிப்பு என்கிறார் (5:12), பீறிப்போடும் சிங்கம் என்கிறார் (5:14), குட்டிகளைப் பறிகொடுத்த கரடி என்கிறார் (13:8). அப்புறம்தான் பனியும் (14:5) பச்சை மரமும் (14:8) வருகின்றன.

பொட்டரிப்பு சத்தமில்லாமல் துணியை அரிக்கும், கைபட்டால்தான் தெரியும். எப்பிராயீம், அதாவது வடக்கு இஸ்ரவேல் ராஜ்யம், அப்படித்தான் உள்ளுக்குள் அரிபட்டுப்போகிறான். 5:13இல் தன் வியாதியைக் கண்டதும் அசீரியனிடம் ஓடுகிறான். 14:3இல்தான் "அசீரியா எங்களை இரட்சிப்பதில்லை" என்ற வார்த்தை ஜனத்தின் வாயில் வைக்கப்படுகிறது. பனி இறங்குவது அதற்குப் பிறகு. ஆகவே ஓசியாவின் பனியைப் பற்றிப் பேசப்போகிறவர்கள் குறிப்பை 5ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கி எழுதிக்கொண்டு வாருங்கள்.