அறுவடைக்குப் பின் ஸ்ட்ராபெர்ரிப் பாத்தி

கோடைத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் காய்க்கும் ஸ்ட்ராபெர்ரி வகைகளில், கடைசிப் பழத்தைப் பறித்த ஓரிரு வாரங்களுக்குள் பழைய இலைகளை வெட்டிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் புதுத் துளிர்களையும் சேர்த்து வெட்ட நேரிடும். களையெடுத்தபின், செடியின் நடுவே இலைகள் கிளம்பும் குருத்துக்கு மேல் 3 செ.மீ. விட்டு இலைகளை நறுக்குங்கள். குருத்தில் மட்டும் கத்தி படக் கூடாது. பாத்தியை 30 செ.மீ. அகலத்துக்குக் குறுக்கும்போது, அடித்தண்டு கறுத்துக் கட்டை பாய்ந்த மூத்த செடிகளைப் பிடுங்குங்கள். மனம் வராதுதான், ஆனால் மூன்று நான்கு ஆண்டுகளானால் பழம் சிறுத்துவிடும். தரையில் படர்ந்து புதுக் கன்றுகளை விடும் தண்டான ஓடுகொடியில், தாய்ச்செடிக்கு அடுத்துள்ள முதல் கன்றே பெரும்பாலும் வலுவானது. அதைச் சிறு தொட்டி மண்ணில் வளைத்த கம்பியால் பதித்து, 4 முதல் 6 வாரங்களில் வேர் பிடித்ததும் கொடியை அறுத்துவிடலாம். அடுத்த ஆண்டுக்கான பூமொட்டுகள் இலையுதிர்காலத்திலேயே உருவாகிவிடுவதால், வெட்டியவுடன் மட்கிய உரமிட்டு, அதுவரை மண் காயாமல் நீர் பாய்ச்சி வாருங்கள்.