தூணில் தொடங்குங்கள்

பிள்ளைகளுக்குக் கடல்மேல் பரிவு வரவேண்டுமென்றால், பிளாஸ்டிக் பேச்சை முதலில் எடுக்காதீர்கள். காரைக்குடியில் நான் என் மாணவர்களை எங்கள் வீட்டு வளவுக்கு அழைத்து வந்து, சுவரில் கன்னத்தை வைக்கச் சொல்வேன். சில்லென்றிருக்கும். “இது சிப்பிச் சுண்ணாம்பு. ஒவ்வொரு சிப்பிக்குள்ளும் ஓர் உயிர் இருந்தது” என்பேன். பேச்சு நின்றுவிடும். தேக்குத் தூணும் பர்மாவிலிருந்து கடல்வழியாக வந்ததுதான்.

அப்புறம் பேருந்தில் தொண்டிக் கடற்கரை. கரை ஒதுங்கிய கடற்புல்லைக் கையில் கொடுங்கள். அதை மேயும் ஆவுளியா என்ற கடற்பசு, தன் குட்டிக்குப் பால் கொடுக்கும், மூச்சுவிட மேலே வரும். வலையில் சிக்கினால் வர முடியாது. இதை நிதானமாகச் சொல்லுங்கள். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் 2022இல் அதற்கான காப்பகமாகியிருக்கிறது. போன முறை ஒரு சிறுமி அந்தப் புல்லைத் திரும்ப அலையிலேயே விட்டாள்.